சர்ஜ் எக்ஸ்டி சிந்த்ல இன்னும் என்னெல்லாம் வந்தா நல்லாருக்கும்? அடிக்கடி கேக்கற கேள்விகள்

சர்ஜ் எக்ஸ்டின்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் சிந்தசைசர் இருக்கு, அதாவது கம்ப்யூட்டர்லயே சவுண்டை உருவாக்கற கருவி, விண்டோஸ் மேக் லினக்ஸ் மூணுலயும் ஓடும். வீட்ல லேப்டாப்பும் ஒரு சின்ன மிடி கீபோர்டும் வச்சு மியூசிக் பண்றவங்க நிறைய பேர் இதுலதான் ஆரம்பிக்கறாங்க. ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல எல்லாருக்கும் ஒரு லிஸ்ட் வந்துடும், இது ஏன் இல்ல, அது எப்ப வரும்னு. அந்த லிஸ்ட்ல பாதி ஏற்கனவே உள்ள இருக்கு, நமக்குத்தான் கண்ணுல படல. கொஞ்சம் இந்த சிந்த் கட்டின விதத்துனாலயே கஷ்டம். மிச்சம் இருக்கறதுதான் நிஜமாவே கேட்டு வாங்க வேண்டியது. 1.3 வெர்ஷனை வச்சு பேசறேன், நீங்க படிக்கும்போது எதாவது மாறிருந்தா சந்தோஷம்.

இது யாரோடது? ஃப்ரீயா குடுக்கறாங்களே, அப்ப நாம எதாவது கேட்டா செய்வாங்களா?

கிளாஸ் யோஹான்சன்னு ஒருத்தர் வெம்பர் ஆடியோங்கற பேர்ல காசுக்கு வித்துட்டு இருந்த சிந்த் இது. 2018ல மொத்த கோடையும், யார் வேணா எடுத்து மாத்தலாம்ங்கற ஜிபிஎல் 3 லைசென்ஸ்ல திறந்து விட்டுட்டார். அதுக்கப்புறம் பல நாட்டுல இருந்து ஆளுங்க சேர்ந்து சர்ஜ் சிந்த் டீம்னு ஆகி, உள்ள பாதிக்கு மேல பிரிச்சு மாட்டி, 2022 ஜனவரியில எக்ஸ்டின்னு பேர் வச்சு விட்டாங்க. யாருக்கும் சம்பளம் கிடையாது, அவங்கவங்க வேலை முடிச்சுட்டு வந்து பண்றாங்க. அதனால "எப்ப வரும்"ங்கற கேள்விக்கு பதிலே கிடையாது, யாராவது ஒருத்தருக்கு அதுல ஆர்வம் வந்தா வரும், அவ்ளோதான். ஆனா நல்லா யோசிச்சு எழுதின கோரிக்கையை படிக்கறாங்க, பதில் சொல்றாங்க, பெரிய கம்பெனிங்க கிட்ட அது கிடைக்காது.

ஆர்பெஜியேட்டர் ஏன் இல்ல ப்ரோ? சின்ன சின்ன ஃப்ரீ சிந்த்ல கூட இருக்கு.

இதுதான் அதிகமா வர்ற கேள்வி, நியாயமான கேள்வியும் கூட. பல கீயை ஒண்ணா அடிச்சு கார்டு பிடிச்சா அதுல இருக்கற நோட்டை ஒண்ணொண்ணா வாசிச்சு விடற ஐட்டம் சர்ஜ்ல கிடையாது. சிந்தை உள்ள மாட்டி ஓட்டற ஹோஸ்ட் சாஃப்ட்வேர் பெரும்பாலானதுலயே ஆர்ப் இருக்கு, ரீப்பர்ல இருக்கு, எஃப்எல் ஸ்டுடியோல இருக்கு, ஏபில்டன்ல இருக்கு, அதை சிந்துக்கு முன்னாடி மாட்டிக்கலாம். சர்ஜ் டீமே ஸ்டோக்காஸ்னு ஒரு சீக்வென்சர் பிளகினையும் பார்த்துக்கறாங்க, அதுவும் ஃப்ரீ.

ஆனா பேட்ச் (நாம சேவ் பண்ற சவுண்டு) கூடவே ஆர்ப்பும் சேவ் ஆகணும், ஃபைலை ஃப்ரெண்டுக்கு அனுப்பினா அவன் ஒரு கீயை தட்டினதும் அதே ஓட்டம் வரணும்னா இந்த வழி எதுவும் உதவாது. ஹோஸ்ட் இல்லாம ஸ்டாண்ட்அலோனா ஓட்டறவங்களுக்கும் அப்படித்தான். அதனால இதை நிஜமான குறைன்னுதான் சொல்லுவேன்.

இப்போதைக்கு உள்ளயே ஒரு வழி இருக்கு. எல்எஃப்ஓன்னா மத்த செட்டிங்கை தானா ஆட்டி விடற ஐட்டம், நோட்டுக்கு ஒண்ணா ஓடறது வாய்ஸ் எல்எஃப்ஓ. அதை ஸ்டெப் சீக்வென்சர் ஷேப்ல போட்டு பிட்ச்சுக்கு மாட்டுங்க. பதினாறு ஸ்டெப் இருக்கும், ஒவ்வொரு ஸ்டெப்புலயும் என்வலப்பை (சவுண்டு ஏறி இறங்கற வடிவம்) மறுபடி தட்டி விடறதுக்கு தனியா ஒரு குறி வைக்கலாம், அதை ஆன் பண்ணிட்டா நோட்டு நோட்டா பிரிஞ்சு கேக்கும். ஒரே ஒரு கீ பிடிச்சா ஆர்ப் மாதிரியே இருக்கும். ரெண்டு கீ பிடிச்சா ரெண்டும் அதே கோலத்துல சேர்ந்து ஓடும், கார்டுக்குள்ள நோட்டை தேர்ந்தெடுத்து வாசிக்காது, அங்கதான் அடிபடும்.

வைட்டல்னு இன்னொரு சிந்த்ல எல்லா நாபும் ஆடுது, எந்த எல்எஃப்ஓ எங்க போகுதுன்னு கண்ணாலயே தெரியுது. இதுல ஒண்ணும் அசையலையே?

ஆமா. சர்ஜ்ல மாடுலேஷன் சோர்ஸை (எல்எஃப்ஓ மாதிரி ஆட்டி விடறது) கிளிக் பண்ணினா அது எந்தெந்த ஸ்லைடருக்கு எவ்ளோ தூரம் போகுதுன்னு கலர்ல காட்டும், ஆனா பாட்டு ஓடும்போது இப்ப இந்த நிமிஷம் ஃபில்டரோட கட்ஆஃப் (சவுண்டை எந்த இடத்துல வெட்டுதுங்கறது) எங்க நிக்குதுன்னு காட்டாது. 2020ல வைட்டல் வந்தப்புறம் ஜனங்க கண்ணு அதுக்கு பழகிடுச்சு, புதுசா கத்துக்கறவங்களுக்கு அது பெரிய உதவியும் கூட. எனக்கும் வேணும். ஒரே ஒரு பிரச்சினை, சர்ஜ் பாலிஃபோனிக், ஒரே நேரத்துல பல நோட்டு வாசிக்கும். எட்டு நோட்டு அடிச்சா வாய்ஸ் எல்எஃப்ஓ எட்டும் எட்டு இடத்துல இருக்கும், அப்ப ஸ்லைடர் யாரோடதை காட்டணும்? கடைசியா அடிச்ச நோட்டோடதை மட்டும் காட்டினா போதும்னு எனக்கு தோணுது. கேக்கறவங்க இந்த பதிலையும் சேர்த்து கேட்டா நல்லது.

எல்எஃப்ஓவை ரொம்ப வேகமா வச்சா சவுண்டு கரகரங்குது. ஆடியோ ஸ்பீடுல மாடுலேட் பண்ண விட மாட்டாங்களா?

இது கட்டுமானத்துல இருக்கற விஷயம். சர்ஜ் ஆடியோவை 32 சாம்பிள் கொண்ட துண்டு துண்டாத்தான் கணக்கு போடுது, எல்எஃப்ஓ என்வலப் எல்லாம் ஒரு துண்டுக்கு ஒரு தடவைதான் புது மதிப்பு எடுக்கும். 48,000 சாம்பிள் ரேட்ல அது நொடிக்கு 1,500 தடவை. ஃபில்டரை மெதுவா ஆட்டறதுக்கு, வைப்ரேட்டோவுக்கு எல்லாம் இது தாராளம். நூத்துக்கணக்கான ஹெர்ட்ஸ்ல ஆட்டணும்னா படிக்கட்டு தெரிய ஆரம்பிச்சிடும்.

இதை மாத்தணும்னா பாதி சிந்தை திரும்ப எழுதணும். ஃபில்டர் கணக்கே நாலு வாய்ஸை ஒண்ணா கட்டி ஒரே நேரத்துல போடற மாதிரிதான் எழுதி வச்சிருக்காங்க, பழைய லேப்டாப்ல கூட இது ஓடுதுன்னா அந்த மாதிரி கஞ்சத்தனத்துனாலதான். ஆடியோ வேகத்துல வேணும்னா ஆசிலேட்டருக்குள்ள (அலையை உருவாக்கற பகுதி, மூணு இருக்கு) எஃப்எம் ரூட்டிங் இருக்கு, ஒண்ணு இன்னொண்ணோட ஃப்ரீக்வென்சியை ஆட்டறது: ரெண்டாவது ஒண்ணாவதை ஆட்டும், இல்ல மூணு ரெண்டை ஆட்டி ரெண்டு ஒண்ணை ஆட்டும், இல்ல ரெண்டும் மூணும் சேர்ந்து ஒண்ணை ஆட்டும். அது துண்டு கணக்கு இல்ல, முழு வேகம். ஃபில்டர் கட்ஆஃபை அந்த மாதிரி ஆட்ட வழி இல்ல. இந்த ஆசையை விட்டுடுங்கன்னுதான் சொல்லுவேன், அதுக்குன்னே வேற சிந்த் இருக்கு.

சிபியு தின்னுது. ரிவெர்பை எடுத்தும் குறையல. இதை ஆப்டிமைஸ் பண்ண சொல்லலாமா?

சொல்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. எஃபெக்ட் எல்லாம் ஒரு பிளகினுக்கு ஒரு தடவைதான் ஓடும், நீங்க ஒரு நோட்டு அடிச்சாலும் பத்து அடிச்சாலும் ரிவெர்ப் ஒண்ணுதான். ஆசிலேட்டர் அப்படி இல்ல. யூனிசன் (ஒரே அலையை பல பிரதியா அடுக்கறது) 16 வரைக்கும் போகும், ஒரு சீன்ல, அதாவது ஒரு முழு சவுண்டு அடுக்குல, மூணு ஆசிலேட்டர், அப்ப ஒரு நோட்டுக்கு 48 அலை. நாலு நோட்டு கார்டுக்கு 192. டூயல் மோடுல ரெண்டு சீனும் ஒண்ணா ஓடினா 384. இதோட ரிலீஸ் டைம் நாலு செகண்டு வச்சிருந்தா முன்னாடி அடிச்ச கார்டு இன்னும் உயிரோட இருக்கும்போதே அடுத்த கார்டு வந்து சேரும், அதுக்கும் தனியா 384. பாலி ஃபீல்டுல இப்ப எத்தனை வாய்ஸ் ஓடுதுன்னு நம்பர் காட்டும், அதை பார்த்துட்டே வாசிங்க, விஷயம் புரிஞ்சிடும். யூனிசனை 16ல இருந்து 5க்கு கொண்டு வந்து கோரஸ் போட்டா பாதி பேருக்கு வித்தியாசமே தெரியாது.

டைவாங்கற சிந்த்ல இருக்கற மாதிரி, வேலையை பல கோருக்கு பிரிக்கற மல்டிகோர் பட்டன் கேக்கறாங்க சிலர். ஒரே ஒரு பெரிய பேடு வாசிக்கறவங்களுக்கு உதவும். பத்து டிராக்ல பத்து சர்ஜ் போடறவங்களுக்கு ஹோஸ்டே டிராக்கை கோர்களுக்கு பிரிச்சுக் குடுத்துடும், பெருசா லாபம் இல்ல.

நம்ம ராகத்துக்கு டியூனிங் வேணும். கீபோர்டு ஸ்வரம் தம்புராவோட சேரவே மாட்டேங்குது.

இது ஏற்கனவே இருக்கு, அதுவும் காசு குடுத்து வாங்கற பல சிந்த்ல இல்லாத அளவுக்கு நல்லாவே இருக்கு. ஸ்காலா ஃபைல்னு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், எஸ்சிஎல்னு முடியும், அதை இழுத்து சர்ஜ் மேல போட்டா டியூனிங் மாறிடும். நாமளே நோட்பேடுல எழுதிக்கலாம். மோகனத்துக்கு இவ்ளோதான்: முதல் வரில பேரு, ரெண்டாவது வரில 5, அதுக்கப்புறம் வரிக்கு ஒண்ணா 9/8, 5/4, 3/2, 5/3, 2/1. ஸா எழுத வேண்டாம், அது தானா வரும், கடைசி 2/1தான் மேல் ஸா. இதுல அந்தர காந்தாரம் பியானோ காந்தாரத்தை விட 14 சென்ட் (நூறு சென்ட் ஒரு செமிடோன்) கம்மி, சதுஸ்ருதி தைவதம் 16 சென்ட் கம்மி. தம்புரா ஓடிட்டு இருக்கும்போது அந்த 14 சென்ட் காதுல குத்தறதுதான் நீங்க சொல்ற "சேரல".

ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, அஞ்சு ஸ்வர ஃபைல் போட்டா கீபோர்டுல அஞ்சு கீக்கு ஒரு ஸ்தாயி ஆயிடும். மிடில் சி ஸா, பக்கத்து கருப்பு கீ ரி, அடுத்த வெள்ளை க, இப்படியே. கை பழக்கம் எல்லாம் போச்சேன்னு இருந்தா பன்னெண்டு ஸ்வரஸ்தானத்துக்கும் எழுதின ஃபைல் போட்டுக்கோங்க, கீ எல்லாம் பழைய இடத்துலயே இருக்கும்.

ஸ்ருதி மாத்தறதுக்கு கேபிஎம்னு இன்னொரு ஃபைல். அஞ்சு கட்டைல பாடற பெண் குரலுக்கு ஸா ஜில வரணும், அதுக்கு நடு நோட்டு, ரெஃபரன்ஸ் நோட்டு ரெண்டும் 55, ஃப்ரீக்வென்சி 195.998னு போடணும். இதைத்தான் ஒரு குறையா சொல்லுவேன்: கட்டை மாத்த ஒவ்வொரு தடவையும் ஃபைல் கிட்ட போறது கடுப்பு. கச்சேரிக்கு வாசிக்கறவங்களுக்கு வெளிய ஒரு ஸ்லைடர் வேணும், ஸா எங்கன்னு சொன்னா டியூனிங் மொத்தமும் நகரணும். எம்டிஎஸ் ஈஎஸ்பிங்கற டியூனிங் பகிர்ற முறைக்கு சப்போர்ட் இருக்கறதால வெளில இருந்து இன்னொரு பிளகின் டியூனிங் குடுக்கலாம், ஆனா அதுக்கு அந்த பிளகின் வேணும், சின்ன வேலைக்கு பெரிய சுத்து.

சரி, கமகம்?

இங்கதான் பாதி இருக்கு, பாதி இல்ல.

இருக்கறது என்னன்னா, டியூனிங் மெனுல ரெண்டு வழி இருக்கும். ஒண்ணு டியூனிங்கை மிடி உள்ள வரும்போதே போடறது, இன்னொண்ணு மாடுலேஷன் எல்லாம் முடிஞ்சப்புறம் போடறது. முதல் வழில பிட்ச் பெண்ட் பழையபடி பியானோ செமிடோன் கணக்குல நகரும். ரெண்டாவது வழில ஒண்ணுன்னா ஒரு ஸ்வரம். அதாவது மோகன ஃபைல் போட்டுட்டு பெண்ட் ரேஞ்சை 1 வச்சா, க பிடிச்சு வீலை முழுசா மேல தள்ளினா நேரா ப போய் நிக்கும், மத்யமம்னு ஒண்ணு அங்க நிக்கற இடமே கிடையாது. ஸ்டெப் சீக்வென்சர் விஷயத்தையும் இதோட சேர்த்துக்கோங்க: பிட்ச்சுக்கு டெப்த் 5 வச்சா ஸ்டெப்புல 0.2 ஒரு ஸ்வரம், 0.4 ரெண்டு ஸ்வரம், 1 போனா மேல் ஸா. எப்படி கண்ணை மூடிட்டு இழுத்தாலும் இந்த அஞ்சாம் பங்குல நிக்க வச்சா மோகனம்தான் வரும். போர்ட்டமென்டோல (நோட்டுக்கு நோட்டு சறுக்கற செட்டிங்) ரைட் கிளிக் பண்ணி கிளிசாண்டோ ஆன் பண்ணினா சறுக்கும்போதும் ஸ்வரம் ஸ்வரமா ஏறும், சரளி வரிசை ஸ்பீடா வாசிச்ச மாதிரி.

இல்லாதது என்னன்னா, ஏறும்போது ஒண்ணு இறங்கும்போது ஒண்ணுன்னு அதுக்கு தெரியாது. பிலஹரியை எடுத்துக்கோங்க, ஆரோகணம் மோகனம் மாதிரி அஞ்சு ஸ்வரம், அவரோகணத்துல ஏழும் வரும். கீ அடிக்கறது நம்ம கைல இருக்கு, வேணாத கீயை விட்டுடலாம். சறுக்கல் நம்ம கைல இல்ல. ஏழு ஸ்வர ஃபைல் போட்டிருந்தா க வில இருந்து ப வுக்கு கிளிசாண்டோ ஏறும்போது நடுவுல மத்யமத்தை தொட்டுட்டுத்தான் போகும். ஏறும்போது ஒரு ஸ்கேல், இறங்கும்போது ஒரு ஸ்கேல்னு ரெண்டு ஃபைல் குடுக்க விட்டா இது தீர்ந்துடும். நம்மாளுங்க கேக்க வேண்டிய கோரிக்கை இது, வேற யாரும் நமக்காக கேக்க மாட்டாங்க.

இன்னொண்ணு கம்பிதம். தோடி காந்தாரம் ஒரு இடத்துல நிக்கற ஸ்வரமே இல்ல, ஆட்டம்தான் ஸ்வரம், அதுக்கு எந்த எஸ்சிஎல் ஃபைலும் ஒண்ணும் பண்ண முடியாது. சர்ஜ்ல ஃபார்முலான்னு ஒரு எல்எஃப்ஓ ஷேப் இருக்கு, லுவா மொழில கணக்கு எழுதலாம், எந்த கீ அடிச்சிருக்குன்னு அதால பார்க்க முடியும். அப்ப க வுக்கு மட்டும் ஆட்டு, ப வை நேரா நிறுத்துன்னு எழுதிடலாம். முன்னாடி எந்த ஸ்வரத்துல இருந்து வந்தோம், அடுத்து எங்க போறோம்ங்கறதை வச்சு ஆட்டம் மாறணும்னா அங்க மூச்சு வாங்கும், அடுத்த ஸ்வரம் எதுன்னு எந்த சிந்துக்கும் முன்கூட்டியே தெரியாது. கையால ஆட்டறதுதான் வழி. ஐபேடுல ஜியோஷ்ரெட் ஆப் வச்சு விரலை இழுத்து வாசிக்கறவங்க அதோட எம்பிஈ மிடியை (ஒவ்வொரு விரலுக்கும் தனி பெண்ட்) சர்ஜுக்கு அனுப்பலாம். ரெண்டு பக்கமும் பெண்ட் ரேஞ்ச் 48னு ஒண்ணா இருக்கணும், ஒரு பக்கம் 24 ஒரு பக்கம் 48ன்னு இருந்தா எல்லாம் அபஸ்வரம்தான்.

டிஎக்ஸ்7 மாதிரி ஆறு ஆபரேட்டர் எஃப்எம் சேர்க்க சொல்லலாமா?

வேணாம். 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டுல ஆறு ஆபரேட்டர் (ஒண்ணை ஒண்ணு ஆட்டற அலை), 32 அல்காரிதம், அதோட எலெக்ட்ரிக் பியானோவும் பெல்லும் நம்ம 80கள் சினிமா பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு ரொம்ப பழக்கம்ங்கறதால கேக்கறாங்க, புரியுது. அதுக்கு டெக்செட்னு தனியா ஃப்ரீ பிளகின் இருக்கு, பழைய டிஎக்ஸ்7 பேட்ச் ஃபைலையே நேரா திறக்கும். சர்ஜ்ல எஃப்எம்2, எஃப்எம்3ன்னு ரெண்டு ஆசிலேட்டர் இருக்கு, அது போதும்.

ரெக்கார்டு பண்ணின சவுண்டை (சாம்பிள்) போட்டு வாசிக்க?

அதே டீம் ஷார்ட்சர்க்யூட் எக்ஸ்டின்னு ஒரு சாம்ப்ளரை தனியா வளர்த்துட்டு இருக்காங்க. மிருதங்கம், கடம் போடணும்னா அங்க போங்க.

பிரீசெட் ஆயிரக்கணக்குல இருக்கு. தேடியே பாதி ராத்திரி போயிடுது.

ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு. பேட்ச் பேர் பக்கத்துல தேடற ஐகான் இருக்கு, எழுத எழுத லிஸ்ட் சுருங்கும், பிடிச்சதுக்கு ஹார்ட் போட்டு வைக்கலாம். பேர் தெரிஞ்சா நல்லா வேலை செய்யும். பேர் தெரியாதபோதுதான் தொல்லை, ஏன்னா பேட்ச் பண்றவங்க வைக்கற பேரு அப்படி, சவுண்டுக்கும் பேருக்கும் சம்பந்தமே இருக்காது. சேவ் பண்ணும்போது டேக் போட ஒரு கட்டம் இருக்கு, முக்கால்வாசி பேர் அதை காலியாவே விடறாங்க. இங்க புது ஃபீச்சர் எதுவும் வேண்டாம், யாராவது பொறுமையா உக்காந்து இருக்கற பேட்சுக்கெல்லாம் டேக் போட்டா போதும். கோடு எழுத தெரியாதவங்க செய்யக்கூடிய உதவில இது முதல்ல வரும்.

ஆரம்ப சவுண்டு சப்புன்னு இருக்கு. டிஃபால்ட்டை மாத்த மாட்டாங்களா?

உங்க பேட்ச்ல நீங்க மாத்தி சேவ் பண்ணி அதையே டிஃபால்ட்டா வச்சுக்கலாம். ஏற்கனவே இருக்கற ஆசிலேட்டர், ஃபில்டரோட குணத்தை மாத்த சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, பழைய பேட்ச் அப்படியே கேக்கணும்ங்கறதுல ரொம்ப பிடிவாதம். அந்த காலத்துல சேவ் பண்ணின பாட்டை இன்னைக்கு திறந்தா வேற மாதிரி கேட்டா நமக்கே கோவம் வரும்ல. அதனாலதான் புது நடத்தை எல்லாம் ரைட் கிளிக் மெனுக்குள்ள ஒரு ஆப்ஷனா வந்து உக்காந்துக்குது.

என் பழைய ஹோஸ்ட்ல விஎஸ்டி2ங்கற பழைய பிளகின் வடிவம் மட்டும்தான் எடுக்கும்.

வராது. அதை உருவாக்கின ஸ்டெயின்பெர்க் 2018லயே விஎஸ்டி2க்கு புதுசா லைசென்ஸ் குடுக்கறதை நிறுத்திட்டாங்க. விஎஸ்டி3, கிளாப், மேக்ல ஏயூ, இதுல ஒண்ணை எடுக்கற ஹோஸ்டுக்கு மாறுங்க.

நீங்க ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னா எதை கேப்பீங்க?

மேல சொன்ன ரைட் கிளிக் சமாச்சாரத்தைத்தான். ஆசிலேட்டர் பிட்ச் ஸ்லைடர் ஏழு செமிடோன்தான் போகுதுன்னு எத்தனையோ பேர் புலம்பறாங்க, அதுலயே ரைட் கிளிக் பண்ணி ரேஞ்சை நீட்டினா பன்னெண்டு மடங்கு போகும். எல்எஃப்ஓ ரேட்டை டெம்போவோட சேர்க்கறது அங்கதான். அதே ரேட்டை டீஆக்டிவேட் பண்ணிட்டா எல்எஃப்ஓ அப்படியே நின்னுடும், அப்புறம் ஃபேஸ் ஸ்லைடரை நீங்களோ இன்னொரு எல்எஃப்ஓவோ நகர்த்தலாம், என்ன அருமையான ஐட்டம், யாருக்கும் தெரியாது. யூனிசன் டீட்யூனை ஹெர்ட்ஸ் கணக்குக்கு மாத்தறது, போர்ட்டமென்டோ வளைவு, எல்லாம் அப்படியே. வீட்ல பரண் மேல பாத்திரம் அடுக்கி வச்ச மாதிரி நல்ல சாமான் பூரா மேல இருக்கு, ஏணி போட்டு ஏறினாத்தான் தெரியும்.

எந்த ஸ்லைடருக்கு ரைட் கிளிக்ல டிஃபால்ட் தவிர வேற ஆப்ஷன் இருக்கோ, அதுக்கு பக்கத்துல ஒரு சின்ன புள்ளி வச்சா போதும். எதாவது ஒண்ணு ஆன்ல இருந்தா புள்ளி கலர் மாறட்டும். ஆர்ப்பை விட இது சின்ன வேலை, பலன் ஜாஸ்தி. ஸ்கின் எல்லாம் எக்ஸ்எம்எல்லும் எஸ்விஜி படமும்தான், படம் வரையத் தெரிஞ்சவங்க ஸ்கின்ல புள்ளி போட்டு எப்படி இருக்குன்னு காட்டலாம். கலர் மாறற வேலைக்குத்தான் சி பிளஸ் பிளஸ்ல கை வைக்கணும்.

கோரிக்கையை எப்படி எழுதினா கவனிப்பாங்க?

சர்ஜோட கோடு இருக்கற கிட்ஹப் தளத்துல போடணும், போடறதுக்கு முன்னாடி பழசுல தேடணும், பெரும்பாலும் யாராவது கேட்டிருப்பாங்க, அதுக்கு கீழயே உங்க தேவையை சேர்த்து எழுதுங்க. எந்த வெர்ஷன், எந்த ஹோஸ்ட், எந்த சிஸ்டம்னு சொல்லிடுங்க, பேட்ச் ஃபைலை கூட வைங்க. தீர்வை சொல்றதை விட பிரச்சினையை சொன்னா நல்லது. "கர்நாடக சங்கீத மோடு வேணும்"னு எழுதினா அங்க யாருக்கும் ஒண்ணும் புரியாது. "கிளிசாண்டோ ஏறும்போது இந்த ஸ்கேல், இறங்கும்போது அந்த ஸ்கேல், இதோ ரெண்டு எஸ்சிஎல் ஃபைல், இதோ நான் பாடி ரெக்கார்டு பண்ணினது, இப்ப சர்ஜ்ல இப்படி வருது"ன்னு எழுதிப் பாருங்க, ராகம்னா என்னன்னே தெரியாத ஆளுக்கும் என்ன கோடு எழுதணும்னு அதுலயே தெரிஞ்சிடும்.